கிரைண்டர் ஓடுவதற்கு முன்: பட்டறையில் படகு சேதமானால் என்ன செய்வது

"சின்ன விஷயம்ண்ணே, மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம்" என்றார் மேஸ்திரி. நானும் "சரி" என்றேன். அந்தச் சரி எவ்வளவு விலை பிடித்தது என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

என்னுடையது 28 அடி ஃபைபர் படகு. உள்ளே ஒற்றை டீசல் எஞ்சின், அதிலிருந்து வெளியே போகும் சுழல்தண்டான ஒரு ஷாஃப்ட், அதன் முனையில் ஒரு புரொப்பெல்லர். அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பெயின்ட் அடிக்கவும், தேய்ந்த ஷாஃப்ட் பேரிங்கை மாற்றவும் கரையேற்றியிருந்தேன். நான்காம் நாள் போய்ப் பார்த்தால், ஷாஃப்டில் மற்ற இடமெல்லாம் சிப்பிப் பொருக்கு அப்படியே ஒட்டியிருக்க, ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் சுரண்டி எடுத்ததுபோல் இருந்தது. ஷாஃப்டைத் தாங்கும் பிராக்கெட் படகின் அடியில் சேரும் இடத்தைச் சுற்றி, தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். படகைத் தூக்கும் பெல்ட்டுகளில் பின்பக்கத்து பெல்ட் நழுவி, படகின் எடையில் ஒரு பங்கு ஷாஃப்ட் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பார்த்ததுமே புரிந்தது. புரிந்தும் "சரி" என்றேன். சாயங்காலத்துக்குள் விரிசலை கிரைண்டர் போட்டுத் தேய்த்து, புட்டி வைத்து, மேலே பெயின்டும் அடித்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தண்ணீரில் இறக்கிய அன்றே, எஞ்சினை 1,600 சுற்றுக்குக் கொண்டுபோனதும் தரைப்பலகை அதிர்ந்தது. திரும்பக் கேட்டபோது பட்டறை சொன்ன பதில்: "ஷாஃப்டைப் பார்க்கலாம். பிராக்கெட் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது, பாவம் என்று நாங்கள்தான் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தோம்." அதை மறுக்க என்னிடம் விரிசலும் இல்லை, விரிசலின் படமும் இல்லை.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. நான் 31 வருடம் லேத் பட்டறை நடத்தியவன். வாடிக்கையாளரின் பொருளைக் கெடுத்துவிட்டு முழித்த நாள்கள் எனக்கும் உண்டு. வேலை கெட்டவுடன் பட்டறைக்காரன் மனதில் முதலில் ஓடுவது "அவர் பார்ப்பதற்குள் சரிபண்ணிவிட வேண்டும்" என்பதுதான். ஏமாற்றும் எண்ணம் அதில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் சரிபண்ணும் அந்த வேகத்தில் முதலில் அழிவது சாட்சி. ஆகவே, பட்டறை கெடுத்த படகைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: கிரைண்டர் ஓடிவிட்டதா, இன்னும் ஓடவில்லையா?

முதல் ஒரு மணி நேரம்

ஓடவில்லையென்றால், ஓடவிடாதீர்கள். சண்டை வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம். "இந்த இடத்தில் மட்டும் இப்போதைக்கு யாரும் கை வைக்க வேண்டாம், மற்ற வேலை நடக்கட்டும்" என்று மேஸ்திரியிடமும், பிறகு அலுவலகத்திலும் சொல்லுங்கள். அந்த இடத்தைச் சுற்றி காகித டேப் ஒட்டி, அதன்மேல் தேதியையும் "தொடாதீர்கள்" என்பதையும் எழுதிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலைக்கு வரும் இன்னொரு பையனுக்கு நீங்கள் காலையில் சொன்னது தெரியாது. டேப் தெரியும்.

அப்புறம் படம். எல்லோரும் சேதத்துக்கு மூக்கை ஒட்டி ஒரு படம் எடுத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும் மூன்றாம் மனிதருக்கு அது எந்தப் படகு, எந்தப் பக்கம், கையளவா விரலளவா என்று எதுவும் விளங்காது. முதலில் முழுப் படகு, பெயரோ பதிவு எண்ணோ தெரியும்படி. அடுத்து பத்தடி தூரத்தில். அதற்குப் பிறகு நெருங்கி, பக்கத்தில் அளவு டேப் வைத்து. வெளிச்சத்தை நேராக அடிக்காமல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளமும் விரிசலும் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும். பிறகு, பலரும் மறந்துபோவது: மறுபக்கத்தில் அதே இடத்தையும் எடுங்கள். படகுக்கு இரண்டு பக்கம் இருப்பது நம் அதிர்ஷ்டம். அடிபடாத பக்கம்தான் அடிபட்ட பக்கத்துக்குச் சாட்சி.

படகை மட்டும் எடுத்தால் போதாது. தூக்கிய பெல்ட்டுகள், அவற்றில் ஒட்டியிருக்கும் பெயின்ட், படகைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன, அவற்றின் அடியில் பலகை இருக்கிறதா, மண் உள்வாங்கியிருக்கிறதா எல்லாம் படத்தில் வர வேண்டும். ஸ்டாண்டை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். "கொஞ்சம் நகர்த்தினால் நன்றாகத் தெரியுமே" என்று தோன்றும். அந்தக் கொஞ்சத்தில் படகே சாய்ந்துவிடலாம். சாய்ந்தால் பழியும் உங்கள் தலையில் வந்துவிடும்.

பழைய அடியா புதிய அடியா என்பதுதான் பின்னால் நடக்கப்போகும் பேச்சு முழுவதும். அதற்கான விடை பெரும்பாலும் அந்த முதல் மணி நேரத்தில் கண்ணெதிரே இருக்கும். பழைய விரிசலுக்குள் அழுக்கும் பாசியும் ஏறிக் கறுத்திருக்கும். புதிய விரிசலின் ஓரம் சுத்தமாகவும் கூர்மையாகவும் இருக்கும். உலோகத்தில் புதுக் கீறல் பளிச்சென்றிருக்கும். கீறலுக்கு மேலேயே சிப்பி ஒட்டி வளர்ந்திருந்தால் அது பழையது, அதற்காகப் பட்டறையோடு சண்டைக்குப் போகாதீர்கள். என் ஷாஃப்டில் பொருக்கு சுரண்டப்பட்ட இடத்தில் உலோகம் மின்னியது. அதை நான் படம் எடுத்து வைத்திருந்தால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

யார் தூக்கினார்கள், யார் அருகில் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். "பெல்ட் கொஞ்சம் சறுக்கிடுச்சு" என்று தூக்கிய பையன் அன்று இயல்பாகச் சொல்வான். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கு வேலை முக்கியம். பட்டறையில் கேமரா இருந்தால் அந்த நாளின் பதிவை எடுத்து வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான கேமராக்கள் சில நாள்களிலேயே பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும்.

தண்ணீர் உள்ளே வந்துவிட்டால்

தொடாதே என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சேதம் வளர்ந்துகொண்டிருந்தால் அதை நிறுத்துவது உங்கள் கடமை. குழாய் மாட்டாமலே படகை இறக்கி, உப்புத் தண்ணீர் எஞ்சின்வரை ஏறிவிட்டது என்று வையுங்கள். சேதத்தை ஆராய்ந்து மதிப்பிடும் சர்வேயர் வரட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தால் எஞ்சின் போய்விடும். காப்பீட்டு நிறுவனமும் "நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் எதுவும் செய்யவில்லை" என்று சொல்லித் தப்பிக்கும். கடல் காப்பீட்டில் இது பழைய விதி. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டத்திலேயே, நஷ்டத்தைத் தவிர்க்கவும் குறைக்கவும் நியாயமான முயற்சி எடுப்பது காப்பீடு எடுத்தவரின் கடமை என்று இருக்கிறது. அதற்கு ஆகும் செலவைத் திரும்பக் கொடுக்கும் பிரிவைப் பல பாலிசிகளில் காணலாம்.

எனவே பேட்டரியைக் கழற்றுங்கள், தண்ணீரை இறையுங்கள், உப்பு பட்ட எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவச் செய்யுங்கள். தண்ணீர் கலந்த எண்ணெயை வடித்துப் புதிதாக மாற்ற வேண்டும், ஒரு தடவை மாற்றினால் போதாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட்டரைத் தட்டினால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதனால் முதலில் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் காத்திருக்காத வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம், கழற்றிய ஒவ்வொரு பொருளும் ஒரு பெட்டியில். உடைந்த குழாய்க் கிளிப்பைக்கூடக் குப்பையில் போடாதீர்கள். அது இரண்டு ரூபாய்ப் பொருளாக இருக்கலாம், மூழ்கிய எஞ்சினுக்குக் காரணம் சொல்லப்போவது அதுதான்.

எழுதிக் கொடுப்பது

வாயால் சொன்னது காற்றோடு போகும். அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ போதும். கோபத்தை அதில் கொட்டாதீர்கள். காரணத்தையும் நீங்களே முடிவு செய்து எழுதாதீர்கள். "உங்கள் ஆள் குடித்துவிட்டுத் தூக்கினான்" என்று எழுதினால், அதை நிரூபிக்கும் சுமையைச் சும்மா இருந்த நீங்களே தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறீர்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். நான் எழுதியிருக்க வேண்டியது இப்படி:

"இன்று காலை 10.20 மணிக்கு என் படகைப் பார்த்தபோது, ஷாஃப்டின் வெளிப்பகுதியில் சுமார் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுரண்டிய தடமும், பிராக்கெட்டின் அடியைச் சுற்றி மேல்தோலான ஜெல்கோட்டில் விரிசலும் இருந்தன. இம்மாதம் 3ஆம் தேதி படகை உங்கள் பொறுப்பில் விட்டபோது இவை இல்லை. படங்கள் இணைத்துள்ளேன். சர்வேயர் பார்வையிடும் வரை இந்த இரண்டு இடங்களிலும் எந்த வேலையும் செய்ய வேண்டாம். படகைத் தூக்கிய நாளின் பதிவேட்டையும் கேமரா பதிவையும் பாதுகாத்து வைக்கவும். உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்கவும். பார்வையிடும் நாளில் உங்கள் தரப்பில் ஒருவர் உடன் இருக்கலாம்."

கடைசி வரி மரியாதைக்காக எழுதியது இல்லை. இரு தரப்பும் கூட நின்று அளந்த அளவை யாரும் பிறகு மறுக்க முடியாது. என் ஷாஃப்டைக் கழற்றி என் பட்டறையில், என் லேத்திலேயே மாட்டி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். 38 தௌ ஆட்டம் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். வெற்றி என்று நினைத்துக்கொண்டு போனேன். "உங்கள் லேத், உங்கள் கேஜ், உங்கள் கை. நாங்கள் எப்படி நம்புவது?" என்றார் பட்டறை உரிமையாளர். கேட்டது நியாயம்தான். திரும்ப வேறோர் இடத்தில், சர்வேயரும் அவர்களுடைய ஆளும் பார்க்க, அளக்க வேண்டியதாயிற்று. அதே 38. இரண்டு வாரம் வீண்.

உங்கள் சொந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதே நாளில் சொல்லிவிடுங்கள், கோரிக்கை வைக்கும் உத்தேசம் இல்லாவிட்டாலும். தாமதமாகச் சொன்னதையே காரணமாக்கி மறுக்க முடியும் என்பது ஒன்று. இன்னொன்று, அவர்கள் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டால், பட்டறையிடம் அதை வசூலிக்கும் உரிமை அவர்களுக்குப் போகிறது. அவர்களைக் கேட்காமல் நீங்கள் பட்டறையோடு சமரசக் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமையை வெட்டிவிட்டதாகச் சொல்லி உங்களுக்கே பணம் தர மறுக்கலாம். பாலிசியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மோசமாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும் செலவைப் பல பாலிசிகள் ஏற்காது, ஆனால் அந்த மோசமான வேலையால் பிறகு நேர்ந்த சேதத்தை ஏற்கும். சரியாக இறுக்காத குழாய்க்குப் பணம் கிடைக்காது, அதனால் மூழ்கிய படகுக்குக் கிடைக்கலாம்.

சேதம் எங்கே ஒளிந்திருக்கும்

சர்வேயரை நீங்களே தேடிப் பிடியுங்கள். பட்டறை கைகாட்டும் ஆள் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்கு மாதம் நான்கு வேலை அங்கிருந்து வருகிறது. பன்னாட்டுக் கடல் சர்வேயர் கழகம் போன்ற தொழில் அமைப்புகளில் உறுப்பினரா, உங்கள் படகு எதனால் செய்யப்பட்டதோ அதில் பழக்கம் உள்ளவரா என்று கேளுங்கள். மரப்படகு பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவரை ஃபைபருக்குக் கூப்பிடுவதில் பயனில்லை, மாற்றியும் அப்படியே.

அவர் வருவதற்கு முன் நீங்களே சில இடங்களைப் பார்த்து வைக்கலாம். ஃபைபர் படகின் மேல்தோலான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவுதான் கனம். அதில் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் விரிசல் ஓடினால் அங்கே ஏதோ இடித்திருக்கிறது. இணைகோடுகளாக ஓடினால் அந்த இடம் வளைந்து கொடுத்திருக்கிறது. இரண்டிலும் மேலே தெரிவதைவிட உள்ளே போயிருப்பது அதிகமாக இருக்கலாம். பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்ப்பதுபோலத்தான். கெட்டியான இடம் "டங்" என்னும், அடுக்குகள் பிரிந்த இடம் "டொப்" என்னும். உள்ளே தடுப்புப் பலகை இருக்கும் இடத்தில் சத்தம் இயல்பாகவே மாறும். அதனால்தான் மறுபக்கத்திலும் அதே இடத்தில் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

ஈரம் காட்டும் மீட்டரை நம்பி மட்டும் சண்டை போடாதீர்கள். நேற்று கரையேறிய படகு எங்கு வைத்தாலும் ஈரம் காட்டும். செம்பு கலந்த பெயின்ட் மேல் வைத்தாலும் எண் தப்பாக ஏறும். பால்சா மரத்தையோ நுரையையோ நடுவில் வைத்து இரு பக்கமும் ஃபைபர் போட்ட படகாக இருந்தால் மட்டும் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். மேல்தோலில் ஒரு சின்ன ஓட்டை போதும், பால்சாவுக்குள் தண்ணீர் போய் ஒரு முழ தூரத்துக்கு ஊறி அழுகிவிடும்.

ஸ்டாண்டு அழுத்திய பள்ளம் தனி ரகம். கரையில் நிற்கும் படகின் எடையை அடிக்கட்டையான ஏராதான் தாங்க வேண்டும், பக்கத்து ஸ்டாண்டுகள் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. அடியில் முட்டுக்கட்டையைச் சரியாக வைக்காவிட்டால் எடை ஸ்டாண்டுகளுக்குப் போய், தட்டு படும் இடத்தில் படகு உள்வாங்கும். தூக்கியதும் பள்ளம் தானாக நிமிர்ந்துவிடும். "பாருங்க, ஒண்ணுமே இல்லை" என்பார்கள். உள்ளே போய், அந்த இடத்தில் தடுப்புப் பலகையும் வங்குகளும் (படகின் விலா எலும்புகள்) படகோடு ஒட்டியிருக்கும் ஓரங்களைப் பாருங்கள். ரெசினில் வெள்ளைக் கோடு தெரிந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. ஒரு நண்பரின் படகில் இதைக் காட்டிக்கொடுத்தது கேபின் கதவு. பத்து வருடமாக ஒழுங்காகச் சாத்திய கதவு கரையேற்றியதும் சிக்க ஆரம்பித்தது. படகின் உருவமே கொஞ்சம் மாறியிருந்தது.

ஷாஃப்ட் உள்ள படகில் பெல்ட் சந்தேகம் இருந்தால் பிராக்கெட், சுக்கான், வேகமானியின் சிறு சக்கரம் மூன்றையும் பாருங்கள். இறக்கிய உடனே எஞ்சினையும் ஷாஃப்டையும் நேர்பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கரையில் இருக்கும்போது படகு ஒரு வடிவம், மிதக்கும்போது வேறு வடிவம். இறக்கி ஒரு நாளாவது விட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங் முகங்களுக்கு நடுவே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கையில், விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு தௌவுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது பரவலான கணக்கு. நான்கங்குலக் கப்ளிங் என்றால் நான்கு தௌ. அதற்கு மேல் போனால் அது ஷாஃப்ட் வளைந்ததாலா, எஞ்சின் அமைப்பே சரியில்லாததாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கப்ளிங்கைக் கழற்றி ஷாஃப்டை மட்டும் கால் கால் சுற்றாகத் திருப்பி அளந்தால், இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால் குற்றம் ஷாஃப்டிலோ கப்ளிங்கிலோ. அதே இடத்தில் நின்றால் எஞ்சின் இருப்பில்.

சத்தமே இல்லாத சேதங்களும் உண்டு. மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிந்து அவற்றைக் காக்கும் துத்தநாகக் கட்டி மேலேயே பெயின்ட் அடித்துவிட்டால் அது வேலை செய்யாது, மாதக்கணக்கில் உங்கள் புரொப்பெல்லர் அரிக்கப்பட்ட பிறகுதான் தெரியும். அலுமினியப் படகுக்குச் செம்பு கலந்த பெயின்ட் அடித்தால் தகடே அரிக்கும். மரப்படகை வெயிலில் மாதக்கணக்கில் காயப்போட்டால் பலகை சுருங்கி, இடுக்குகளில் அடைத்த கலப்பற்று விட்டு, இறக்கியதும் எல்லா இடுக்கிலும் தண்ணீர் வரும். கொஞ்ச நாளில் பலகை ஊறி மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான். எல்லாம் மூடிக்கொள்ளும் என்பது உண்மையில்லை.

கையெழுத்துப் போட்ட காகிதம்

கரையேற்றும் அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். நானும் படிக்காமல்தான் போட்டேன். "எந்தச் சேதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். கப்பல் பழுதுபார்க்கும் தொழிலில் இப்படிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளும் நிபந்தனைக்கு ஆங்கிலத்தில் "சிவப்பெழுத்து விதி" என்றே பெயர். அதைப் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம். படகை இன்னொருவர் பொறுப்பில் விட்டால் அவர் அதை நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பல நாட்டுச் சட்டங்களில் அடிப்படை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 151ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. நல்ல நிலையில் விட்ட பொருள் அவர் கைவசம் இருக்கும்போது கெட்டது என்று நீங்கள் காட்டினால், கவனமாகத்தான் இருந்தேன் என்று காட்டும் வேலை பெரும்பாலும் அவருக்குப் போய்விடும். "நல்ல நிலையில் விட்டேன்" என்பதைக் காட்டுவதுதான் உங்கள் வேலை. கரையேற்றிய அன்று எடுத்த படம் அங்கேதான் பேசும். பொறுப்பில்லை என்ற அந்த வரி செல்லுமா செல்லாதா என்பது நாட்டுக்கு நாடு மாறும், தொகை பெரிதென்றால் ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தாளை மட்டும் காட்டிக் கேளுங்கள்.

அதே தாளில் இன்னும் இரண்டைத் தேடுங்கள். வெளி ஒப்பந்தக்காரர் செய்த வேலைக்குப் பட்டறை பொறுப்பா? பெயின்ட் அடித்தவர் பட்டறையின் ஆளா, வெளியாளா என்பது வாடிக்கையாளருக்கு பில் வரும்வரை தெரிவதில்லை. இரண்டாவது, உங்கள் காப்பீட்டு நிறுவனம் பட்டறைமேல் வசூலிக்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுப்பதாக வரி ஏதும் இருக்கிறதா? இருந்தால் உங்கள் பாலிசியே ஆட்டம் காணும்.

யார் சரிசெய்வது, யார் காசு

கெடுத்தவர்களிடமே கொடுப்பதா? எல்லோரும் "கூடவே கூடாது" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தவறை ஒப்புக்கொண்ட பட்டறை இரண்டாம் முறை நன்றாகவே செய்யும், மானப் பிரச்சினை. தவறை மறுக்கிற பட்டறையிடம் மட்டும் கொடுக்காதீர்கள். எப்படியானாலும் என்ன செய்யப்போகிறார்கள் என்பது முதலில் எழுத்தில் வர வேண்டும், சர்வேயர் அதைப் பார்க்க வேண்டும். ஃபைபரில் ஆழமாக அடிபட்ட இடத்துக்குப் புட்டி மருந்தில்லை. பிரிந்த அடுக்குகளைத் தேய்த்தெடுத்து, ஓரத்தைச் சரிவாக்கி, புதிய துணியும் ரெசினும் வைத்துக் கட்ட வேண்டும். சரிவு கனத்தைப்போல் 12 மடங்கு என்பது பரவலான விகிதம். 6 மில்லிமீட்டர் கனமான இடத்தில் ஓட்டையைச் சுற்றி 72 மில்லிமீட்டர் சரிவு. கட்டைவிரல் அளவு ஓட்டைக்கு ஏன் இவ்வளவு பெரிய இடத்தைத் தேய்க்கிறார்கள் என்று பயப்படாதீர்கள், தேய்க்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். தேய்த்த பின், துணி கட்டிய பின், மேல்பூச்சுக்கு முன் என மூன்று கட்டத்தில் படம் கேளுங்கள். எபாக்சி வைத்துக் கட்டினால் அதன்மேல் சாதாரண ஜெல்கோட்டை எப்படிப் பிடிக்கவைப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சேர்க்கை தகராறு செய்யும்.

இனிக் கணக்கு. "பழசுக்குப் புதுசா?" என்று ஒரு வாதம் வரும். பன்னிரண்டு வருடப் பழைய பொருளுக்குப் பதில் புதியதைப் போட்டால் உங்களுக்கு லாபம், அந்த லாபத்துக்கு நீங்கள் கொடுங்கள் என்பது. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு, முழு நியாயம் இல்லை. என் பார்வையில், தேய்ந்து தீரும் பொருளுக்குக் கழிக்கலாம், தேயாத பொருளுக்குக் கூடாது. ஷாஃப்ட் முழுக்க அவர்கள் செலவு, பேரிங் ஆளுக்குப் பாதி என்று நான் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். இரண்டாம் முறை தூக்கி இறக்கிய கூலி, அந்த நாள்களின் வாடகை, சர்வேயர் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். கேட்காததை யாரும் கொடுப்பதில்லை. பிராக்கெட்டுக்கு நான் கேட்டும் கிடைக்கவில்லை. அதைக் கழற்றி, அடியைத் திரும்பக் கட்டி, புது போல்ட் போட்ட செலவு முழுக்க என்னுடையது. மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி அது.

கோபத்தில் முழு பில்லையும் நிறுத்தி வைப்பது ஆபத்து. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை பழுதுபார்ப்பவருக்குப் பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. படகு உள்ளே, நீங்கள் வெளியே, வாடகை மட்டும் நாள்தோறும் ஏறும். தகராறில்லாத தொகையைக் கட்டிவிடுங்கள். தகராறான தொகையையும் கட்டித்தான் படகை எடுக்க முடியும் என்றால், "மறுப்புடன் கட்டுகிறேன், கோரிக்கையைக் கைவிடவில்லை" என்று ரசீதிலேயே எழுதிக் கட்டுங்கள். அவர்கள் பணம் கொடுக்கும்போது நீட்டும் தாளில் "முழுமையான இறுதித் தீர்வு" என்று இருந்தால், படகை ஓட்டிப் பார்க்கும்வரை கையெழுத்து வேண்டாம்.

அடுத்த முறை

இப்போதெல்லாம் கரையேற்றும் நாளில் நான் வேலைக்கு விடுப்பு. படகின் இரு பக்கமும் பெல்ட் வர வேண்டிய இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். தண்ணீருக்குக் கீழே ஷாஃப்டும் சுக்கானும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் பக்கவாட்டுப் படம் ஒன்றை லேமினேட் செய்து தூக்குகிறவர் கையில் கொடுக்கிறேன். தூக்குவதற்கு முன் இரண்டு பெல்ட்டையும் ஒன்றோடொன்று கயிற்றால் கட்டச் சொல்கிறேன், நழுவாமல் இருக்க. வேகமானியின் சக்கரத்தை முன்னமே உருவி அடைப்பு போட்டுவிடுகிறேன். படகு பெல்ட்டில் தொங்கும்போதே சுற்றி வந்து ஒரு வீடியோ, தேதியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே. முதல் தடவை வெட்கமாக இருந்தது.

இறக்கும்போது பெல்ட்டைக் கழற்ற விடுவதில்லை. படகு மிதக்க ஆரம்பித்ததும் உள்ளே இறங்கி, ஒவ்வொரு வால்வையும் குழாயையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஷாஃப்ட் உள்ளே நுழையும் சீலில் காற்று அடைத்திருந்தால் வெளியேற்றுகிறேன். சென்ற தடவை நான் அடிப்பள்ளத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து தூக்குகிறவர் கூப்பிட்டார்.

"போதுமாண்ணே? அடுத்த படகு நிக்குது."

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றேன்.